முதல் லார்ப் ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: பதிவிலிருந்து மறக்க முடியாத தருணம் வரை

லார்ப் என்றால் வேடம் போட்டுக்கொண்டு, ஒரு பாத்திரமாகவே மாறி, மந்திரமும் அரக்கர்களும் உள்ள ஓர் உலகத்தில் ஒரு மாலையோ மூன்று நாளோ நேரிலேயே வாழ்ந்து பார்க்கும் விளையாட்டு. மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, எழுதி வைத்த வசனமும் கிடையாது. போய் வந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு தருணத்தைச் சொல்வார்கள். நள்ளிரவில் ஒற்றை லாந்தர் வெளிச்சத்தில் எடுத்த சபதம், எதிரி முகாமுக்குத் தனியாகப் போய்ப் பேசி முடித்த சமாதானம், செத்துப்போன தளபதிக்குப் படையே கூடி நடத்திய இறுதிச் சடங்கு. கேட்டதும் நமக்கும் ஆசை வந்துவிடும். அப்புறம்தான் அலைச்சல் தொடங்கும். எந்த ஆட்டத்துக்குப் போவது, என்ன படிவம், என்ன உடை, எவ்வளவு முன்னால் பதிவு செய்வது என்று ஒரே இடத்தில் யாரும் சொல்வதில்லை. விதிப்புத்தகத்தில் மந்திரங்களுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியிருப்பார்கள், காலணிக்கு ஒரு வரி இருக்காது. நான் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் கேட்டுக் கேட்டுத்தான் இதையெல்லாம் சேர்த்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தருணங்களைத் திட்டம் போட்டு வரவழைக்க முடியாது. ஆனால் அவை வரும் நேரத்தில் உங்கள் மனம் ஈரக் காலுறையிலோ, கொடுக்க மறந்த படிவத்திலோ மாட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நடப்பதுகூடக் கண்ணில் படாது. கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாமே உங்கள் கவனத்தை அந்த நேரத்துக்காக மிச்சம் பிடிக்கத்தான்.

1. ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா லார்ப்பும் ஒன்றல்ல. அமெரிக்காவின் டேகோரிர் போன்றவற்றில் மென்வாள் (ஃபோம் சுற்றிய மெத்தென்ற வாள்) சண்டைதான் முக்கியம், கதை பின்னால்தான் வரும். பிரிட்டனின் எம்பயர், ஜெர்மனியின் கான்குவெஸ்ட் ஆஃப் மித்தோடியா, டிராஹென்ஃபெஸ்ட், கனடா கியூபெக்கில் நடக்கும் பிகோலின் போன்றவை ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டுத் தங்கும் பெரும் திருவிழாக்கள். இன்னொரு பக்கம் போலந்தின் சோகா கோட்டையில் 2014-ல் தொடங்கிய காலேஜ் ஆஃப் விஸார்ட்ரி போன்ற ஆட்டங்கள் உண்டு. அங்கே சண்டை குறைவு, உறவும் ரகசியமும் உணர்ச்சியும்தான் அதிகம். இவை தவிர, முப்பது ஐம்பது பேர் மட்டும் சேர்ந்து ஒரு வார இறுதியில் ஆடும் சின்ன ஆட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன.

முதல் முறைக்கு என் சிபாரிசு சின்ன ஆட்டம்தான். ஆயிரம் பேர் நடுவே யாரையும் தெரியாமல் தனியாகப் போய் நின்றால், எல்லாக் கதையும் வேறு யாருக்கோ நடப்பதைத்தான் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். பெரிய விழாவுக்குத்தான் போகவேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், போவதற்கு முன்பே ஒரு குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். "நான் புதிது, உங்கள் குழுவில் இடம் இருக்கிறதா" என்று ஒரு கடிதம் போட்டால் போதும். புதியவர்களை வரவேற்கும் குழுக்கள் நிறைய உண்டு.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: க்ரூவாகப் போவது. ஏற்பாட்டாளர்கள் தரும் சிறு பாத்திரங்களையும் அரக்கர் வேடங்களையும் ஆடுபவர்கள்தான் க்ரூ. உடையும் ஆயுதமும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். கட்டணம் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. ஒரே நாளில் நான்கு வேடம் போட்டுவிடலாம், விதிகளும் தானாகப் படிந்துவிடும். எம்பயரில் இதை விளையாட்டின் அமைப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாள் போரில் வீரராகச் சண்டை போடும் ஆட்டக்காரர்கள், மற்ற நாள் அரக்கர் படையாக இறங்குவார்கள்.

2. பதிவும் படிவங்களும்

பெரிய ஆட்டங்களுக்குப் பல மாதங்கள் முன்பே டிக்கெட் திறந்துவிடும். முன்பதிவில் குறைந்த கட்டணம், நாள் நெருங்க நெருங்க ஏற்றம் என்பது பரவலான முறை. இடம் குறைந்த ஆட்டங்களில் குலுக்கல் நடக்கும். டிக்கெட் வாங்குவது ஒரு வேலை, பாத்திரத்தைப் பதிவு செய்வது இன்னொரு வேலை. புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பணம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். பாத்திர விவரம் அனுப்பக் கடைசி நாள் ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துபோயிருக்கும். தவறவிட்டால் உங்களுக்கென்று கதைச்சரடு எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பொதுவாகக் கேட்கும் தாள்கள் இவை: வயதைக் காட்டும் அடையாள அட்டை, மருத்துவப் படிவம், அபாயம் தெரிந்தேதான் வருகிறேன் என்று கையெழுத்திடும் பொறுப்பேற்புப் படிவம், புகைப்பட ஒப்புதல். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பல இடங்களில் கூடவே ஒரு பெரியவரும் வரவேண்டும். சண்டைக் களத்தில் இறங்குவதற்கு வயது வரம்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். சில சங்கங்கள் காப்பீட்டுக்காக உறுப்பினராகச் சேரச் சொல்லும். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும், ஒப்புதல் வரவும் சில நாள் ஆகலாம்.

மருத்துவப் படிவத்தை மட்டும் அவசரத்தில் நிரப்பாதீர்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, தினசரி மாத்திரை, பழைய முட்டி வலி, எல்லாவற்றையும் எழுதுங்கள். லேட்டக்ஸ் (ரப்பர்ப் பால்) ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான லார்ப் ஆயுதங்களின் மேல்தோல் லேட்டக்ஸ்தான். உங்கள்மேல் படும் வாள் உங்களுடையதாக இருக்காது. எந்த மாதிரிக் காட்சிகள் உங்களால் தாங்க முடியாது என்று கேட்கும் பகுதியும் சில படிவங்களில் இருக்கும். சிலந்தி, அடைபட்ட இடம், சித்திரவதைக் காட்சி என்று எதுவானாலும் தயங்காமல் எழுதலாம். அதைப் படித்துவிட்டுத்தான் கதை எழுதுபவர்கள் உங்கள் சரடை அமைப்பார்கள்.

டிக்கெட்டையும் உறுதிக் கடிதத்தையும் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். காட்டுக்குள் நடக்கும் ஆட்டங்களில் சிக்னலை நம்ப முடியாது. வெளிநாடு போகிறவர்கள் விசாவுக்குத் தேவையான அவகாசத்தைக் கணக்கில் வைத்து, ஏற்பாட்டாளர்களிடம் உறுதிக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள். விமானத்தில் மென்வாளைக் கைப்பையில் விடுவார்கள் என்று நம்ப முடியாது, சரக்குப் பெட்டியில் போடுவதே நல்லது. எளிதில் தீப்பற்றும் ஸ்ப்ரே டப்பாக்களையும் ஒப்பனைப் பசைகளையும் போகும் இடத்திலேயே வாங்குவது நல்லது.

3. செலவு எங்கே போகிறது

டிக்கெட்தான் பெரிய செலவு என்று எல்லோரும் நினைப்பார்கள். பயணம், கூடாரம், காலணி மூன்றும் சேர்ந்தால் பல நேரம் டிக்கெட்டைத் தாண்டிவிடும். டிக்கெட்டில் உணவு அடக்கமா, தங்க இடம் அடக்கமா, ஆயுதம் வாடகைக்குக் கிடைக்குமா, பணம் திருப்பித் தரும் கடைசி நாள் எது, டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

முதல் ஆட்டத்துக்கு வாள் வாங்காதீர்கள். இரவல் வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள். கவசமும் அப்படியே. உங்கள் பாத்திரம் அடுத்த முறை மருத்துவராகவோ கவிஞராகவோ மாறிவிடலாம். கையில் இருக்கும் பணத்தில் முதலில் நல்ல காலணி, அடுத்து மழைக்குத் தாங்கும் மேலங்கி, அப்புறம் வெதுவெதுப்பான படுக்கைப் பை. மிச்சம் இருந்தால் அலங்காரம்.

4. பாத்திரம் எழுதுதல்

சாபம், ராஜகுலப் பிறப்பு, கொலையுண்ட குடும்பம் என்று பத்துப் பக்கம் எழுதத் தோன்றும். ஒரு பக்கத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கதை ஆட்டத்துக்குள் நடக்கவேண்டும். எல்லாம் முன்பே நடந்து முடிந்துவிட்டால் உள்ளே போய்ச் செய்ய ஒன்றும் இருக்காது. உங்கள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எதைக் கண்டால் பயம், யாருக்குக் கடன்பட்டிருக்கிறது, இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும். வரப்போகும் இன்னும் இருவரோடு முன்பே பேசி ஒரு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்: அண்ணன் தங்கை, பழைய பகைவர், ஒரே குருவின் சீடர்கள், எதுவானாலும் சரி.

யாரையும் நம்பாத, மூலையில் முகத்தை மூடி உட்கார்ந்திருக்கும் தனிமை வீரன் வேண்டாம். கற்பனையில் கம்பீரமாக இருக்கும். களத்தில் மூன்று நாளும் யாரும் உங்களிடம் வந்து பேசமாட்டார்கள். மற்றவர்களிடம் போவதற்கு உங்களுக்குக் காரணம் தரும் தொழிலைத் தேர்ந்தெடுங்கள். தூதர், மருத்துவர், வழிகாட்டி, வதந்தி சேர்ப்பவர். மருத்துவரைத் தேடிக்கொண்டு எல்லோரும் வருவார்கள். சண்டை தெரியாதவருக்கு அதைவிட நல்ல வேடம் நான் பார்த்ததில்லை.

5. உடையும் காலணியும்

காலணியை இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்கிப் போட்டு நடந்து பழக்குங்கள். புதுக் காலணியோடு மலைச்சரிவில் இறங்கினால் முதல் இரவே கொப்புளம். அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கவேண்டும், கணுக்காலைத் தாங்கவேண்டும். பார்ப்பதற்குப் பழங்காலத்து மாதிரி இல்லையென்றால் மேலே துணியோ தோலோ சுற்றி மறைத்துவிடலாம். காலுறை மட்டும் நாளுக்கு இரண்டு ஜோடி வீதம்.

உடையை அடுக்கடுக்காகப் போடுங்கள். பகல் சண்டையில் வியர்க்கும், இரவில் நடுங்கும். முழங்கால்வரை வரும் இரும்பு வளையக் கவசம் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். இடுப்பில் பெல்ட் இறுக்கிக் கட்டினால் பாரத்தில் ஒரு பங்கு தோளிலிருந்து இறங்கும். அலுமினிய வளையங்கள் எடை குறைவு.

எல்ஃப் காது, கொம்பு, பொய்த்தோல் எதையாவது ஒட்டுவதாக இருந்தால் பசையை முன்கை உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். பசை வாங்கும்போதே அதைக் கரைக்கும் திரவத்தையும் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தோலோடு பிய்த்து எடுக்கவேண்டி வரும். தண்ணீரில் கரையும் முகப்பூச்சு வியர்வையிலேயே ஒழுகிவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு முழு வேடத்தையும் போட்டு ஒரு மணி நேரம் நடந்து, குனிந்து, ஓடிப் பாருங்கள். கழிப்பறைக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் பாருங்கள். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

6. ஆயுதமும் சோதனையும்

லார்ப் வாளின் நடுவே கண்ணாடியிழைத் தண்டு, சுற்றிலும் ஃபோம், மேலே லேட்டக்ஸ் பூச்சு. தண்டு இருப்பதால் பெரும்பாலான வாள்களால் குத்தக்கூடாது, வெட்டு மட்டும்தான். ஃபோமைத் துளைத்துக்கொண்டு தண்டு வெளியே வந்தால் எதிரே இருப்பவருக்கு ஆபத்து. இரவல் வாள் என்றாலும் நுனியை லேசாக வளைத்துப் பார்த்து, தண்டு முனை தட்டுப்படுகிறதா, தோல் கிழிந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். வில் என்றால் பல இடங்களில் இழுவிசை 25 அல்லது 30 பவுண்டுக்கு மேல் கூடாது, அம்பு முனையும் கண்குழியில் நுழையாத அளவுக்குப் பருமனாக இருக்கவேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் தொடக்கத்தில் ஆயுதச் சோதனை உண்டு. போன மாதம் வேறோர் ஆட்டத்தில் தேறியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வரிசை நீளமாக இருக்கும் என்பதால் ஆட்டம் தொடங்குவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே வந்து சேருங்கள். கூடாரம் போட, வேடம் கட்ட, சோதனை முடிக்க, பாதுகாப்பு விளக்கம் கேட்க எல்லாவற்றுக்கும் அந்த நேரம் சரியாக இருக்கும்.

7. நிறுத்தும் சொற்கள்

இதை மனப்பாடம் செய்யாமல் களத்தில் இறங்காதீர்கள். யாருக்காவது நிஜமாகவே அடிபட்டால் பிரிட்டிஷ் ஆட்டங்களில் "மேன் டவுன்", அமெரிக்க ஆட்டங்களில் "ஹோல்டு" என்று கத்துவார்கள். கேட்ட நொடியில் எல்லோரும் நிற்கவேண்டும். ஸ்வீடன், டென்மார்க் போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் நார்டிக் பாணி ஆட்டங்களில் "கட்" என்றால் காட்சி அப்படியே நிற்கும், "பிரேக்" என்றால் வேகத்தைக் குறைக்கவேண்டும். கண்ணுக்கு மேல் கையைக் குடை பிடித்தபடி ஒருவர் விலகிப் போனால் அவரிடம் காரணம் கேட்கக்கூடாது. தலைக்கு மேல் கையோ விரலோ உயர்த்தியிருப்பவர் அந்த நேரம் கதைக்கு வெளியே இருக்கிறார். எந்தச் சைகை என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். விளக்கக் கூட்டத்தில் கவனமாகக் கேளுங்கள்.

எதிரே அழுதுகொண்டிருப்பவர் நடிக்கிறாரா, நிஜமாக அழுகிறாரா என்று சந்தேகம் வந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். அதனால் காட்சி கெட்டுப்போகும் என்று பயப்படவேண்டாம். பாதுகாப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எல்லோரும் துணிந்து ஆழமாக ஆடுவார்கள்.

8. உள்ளே போன பிறகு

மற்றவர்கள் சொன்ன தருணங்கள் உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று தேடிப் போகாதீர்கள். பெரும் போரில் வெல்வதும் டிராகனை வீழ்த்துவதும் பார்க்க அழகுதான். ஆனால் திரும்பி வந்தவர்கள் வருடக்கணக்கில் பேசுவது பெரும்பாலும் சின்னச் சின்னச் சந்திப்புகளைத்தான்.

நான் பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இரவு முகாம் வாசலுக்கு ஒரு கோப்ளின், அதாவது குட்டிப் பூதம், வந்தான். க்ரூ ஆள் ஒருவர்தான். பொத்தான் ஒன்றைக் கொடுத்து, பதிலுக்குப் பெயர் ஒன்று வேண்டும் என்றான். கோப்ளின்களுக்குப் பெயர் கிடையாதாம். அங்கிருந்த அனுபவசாலிகள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். முதல் முறை வந்திருந்த ஒரு பெண் மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு என்ன பிடிக்கும், எங்கே தூங்குவான் என்றெல்லாம் கேட்டு, நெடுநேரம் யோசித்து ஒரு பெயர் வைத்தாள். மறுநாள் போரில் கோப்ளின் படை மேலே வந்து விழுந்தபோது ஒருவன் மட்டும் வாளைக் கீழே போட்டுவிட்டுத் தன் பெயரைச் சொல்லிக் கத்தினான். இரண்டு வரிசையும் ஒரு கணம் அப்படியே நின்றது. அது எந்தத் திட்டத்திலும் இல்லை. அந்த க்ரூ ஆளும் அந்தப் பெண்ணும் அவர்களாகவே உண்டாக்கியது.

அதனால் உங்களிடம் வந்து பேசுகிற எவரையும், எவ்வளவு சின்ன வேடமானாலும், முழு மனிதராக நடத்துங்கள். ஏதாவது சொல்லிவிட்டு நிறுத்தாமல் கேள்வி கேளுங்கள். எதிராளி ஓர் எண்ணத்தை முன்வைத்தால் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு அதன்மேல் இன்னொன்று வையுங்கள். உங்கள் ரகசியத்தைக் கடைசிவரை பொத்தி வைக்காதீர்கள். இரண்டாம் நாளாவது யாருக்காவது கசியவிடுங்கள், அப்போதுதான் அது கதையாகும். தூது போக, பந்தம் பிடிக்க, காவலுக்கு நிற்க ஆள் கேட்டால் முதலில் கை தூக்குங்கள். பெரிய காட்சிகளுக்குப் பக்கத்தில் நிற்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

தோற்கப் பழகுங்கள். லார்ப்பில் அடியை அடிபடுபவர்தான் ஏற்றுக்கொண்டு நடிக்கிறார். நீங்கள் வலியோடு மண்டியிட்டால் எதிரே இருப்பவர் மாவீரராகத் தெரிவார், அவர் அதை மறக்கமாட்டார். பல விதிமுறைகளில் வீழ்ந்தவருக்குச் சாகும்வரை சில நிமிட அவகாசம் உண்டு. அந்த நிமிடங்களைக் கண்ணை மூடிப் படுத்து வீணாக்கவேண்டாம். நண்பனைக் கூப்பிடுங்கள், கடிதம் ஒன்றை ஒப்படையுங்கள், பகைவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். முதல் பாத்திரம் செத்துவிடுமோ என்று மூன்று நாளும் கூடாரத்திலேயே ஒளிந்திருப்பதைவிட, நாலு பேர் நடுவே நன்றாகச் செத்து, மறுநாள் காலை புதுப் பாத்திரத்தோடு வருவது எவ்வளவோ மேல்.

உடம்பையும் பாருங்கள். சண்டை உற்சாகத்தில் தாகமே தெரியாது, கவசத்துக்குள் உடல் கொதித்துக்கொண்டிருக்கும். மணிக்கொரு தரம் தண்ணீர் குடியுங்கள். பின்னிரவுக் காட்சிகளுக்காக விழித்திருக்க ஆசை இருந்தால் மதியம் ஒரு மணி நேரம் தூங்கிவிடுங்கள். போனைப் பைக்குள் அணைத்துப் போட்டுவிட்டு, பாத்திரத்தின் பெயரிலேயே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது இரண்டாம் நாள் குழம்பிவிடும், அப்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

9. முடிந்த பிறகு

ஆட்டம் முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலுக்கு இருங்கள். உங்களைக் கதைக்குள் ஏமாற்றியவரோடு கதைக்கு வெளியே நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புங்கள். பாத்திரத்தின் கோபமும் காதலும் துக்கமும் ஆடியவருக்குள்ளும் கொஞ்சம் ஊறிவிடும். லார்ப்காரர்கள் இதை ப்ளீட் என்பார்கள். வீடு திரும்பிய சில நாளுக்கு எல்லாமே சப்பென்று இருப்பதும் சகஜம். முடிந்தால் மறுநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஆடியவர்களோடு பேசுங்கள். நடந்ததை மறப்பதற்குள் எழுதி வையுங்கள். ஒரு காட்சியை உங்களுக்காக உயிர் கொடுத்து ஆடிய க்ரூ ஆளுக்கு, அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று நாலு வரி அனுப்புங்கள். அவர்களுக்கு அது அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

ஆயுதங்களை ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, லேட்டக்ஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். எண்ணெய் எதுவும் ஆகாது, லேட்டக்ஸை அரித்துவிடும். நுனியை ஊன்றி நிறுத்தக்கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடக்கூடாது. இரவல் வாங்கியதைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். தொடர்கதையாக நடக்கும் ஆட்டமென்றால், அடுத்த ஆட்டத்துக்குள் உங்கள் பாத்திரம் என்ன செய்தது என்று எழுதி அனுப்ப ஒரு கடைசி நாள் இருக்கும். அது பெரும்பாலும் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடும், இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.